சூசை என்னும் கலவை மிஷினைப் பதிவது குறித்து

இயேசு மரி சூசை துணை

பழனிசெட்டிபட்டி,
ஏப்ரல் 24, வியாழன்.

அன்பு மருமகன் ஜோவுக்கு,

உன் தாய்மாமனும், ராயப்பன்பட்டிக் கோவிலில் உன்னைத் தொட்டித் தண்ணீருக்கு மேல் ஏந்திப் பிடித்த ஞானத்தகப்பனுமாகிய சின்னப்பராஜ் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை மதலேனாளும் சுகம். உன் அம்மா ரீட்டாவை ஞாயிற்றுக்கிழமை பாஸ்கா பூசையில் பார்த்தேன், முட்டிவலியைத் தவிர சுகம். நம்ம கம்பெனியின் முப்பத்தேழு மிஷின்களும் சுகம். முப்பத்தெட்டாவது மிஷினுக்கு மட்டும் சுகமில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். மேலே இயேசு மரியோடு சேர்த்து எழுதியிருக்கிற சூசை பரலோகத்தில் இருக்கிறவர், அவருக்கு ஒரு குறையும் கிடையாது. நான் சொல்வது மார்க்கையன்கோட்டை வாய்க்கால் பாலத்தில் நாலு மாதமாகக் கலவை போட்டுக்கொண்டிருக்கிற நம்ம சூசை. வருகிற முப்பதாம் தேதிக்குள் அது கம்ப்யூட்டரில் பதிவாகாவிட்டால் அதற்கு டீசல் கிடையாது, வேலை கிடையாது, பழைய இரும்பு லாரியில் ஏறவேண்டியதுதான். இன்னும் ஆறு நாள் இருக்கிறது.

இதைப் போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். சொன்னேனே. இந்த மாதத்தில் இரண்டு தடவை கூப்பிட்டேன். இரண்டு தடவையும், மீட்டிங்கில் இருக்கிறேன் மாமா, லிஸ்ட்டைப் பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாய். பார்த்தேன். தினமும் காலையில் வந்ததும் கர்த்தர் ஜெபம் சொல்லிவிட்டு லிஸ்ட்டைத்தான் பார்க்கிறேன். அதில் சூசை இல்லை. அப்புறம் குறை இருந்தால் உங்கள் ஆபீசுக்கு எழுதி டிக்கெட் போடச் சொன்னார்கள். கம்பம் பஸ்ஸுக்குத் தவிர வேறெதற்கும் டிக்கெட் எடுத்தறியாத நான் அதையும் போட்டேன். உங்கள் ஆபீசில் ஜெஸ்லின் என்று ஒரு பிள்ளை இருக்கிறதாமே, அது மறுநாளே ‘தங்கள் குறை தீர்க்கப்பட்டது’ என்று ஒரு வரி எழுதி டிக்கெட்டை மூடிவிட்டது. எந்தக் குறை, யார் தீர்த்தது, ஒரு விவரமும் இல்லை. நான் மறுபடி போட்டேன். அது மறுபடி மூடியது. கடிதத்தை அப்படி யாரும் மூடமுடியாது என்பதால் பேனாவை எடுத்துவிட்டேன்.

தை மாதம் இந்த சாஃப்ட்வேர் வந்தபோது உன்மேல் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? சின்ன முதலாளி சூரியபிரகாஷ் எல்லாரையும் யார்டில் நிற்கவைத்து, இனிமேல் எந்த மிஷின் எந்த சைட்டில் நிற்கிறது, யார் ஓட்டுகிறார்கள், எப்போது ஆயில் மாற்றினார்கள் எல்லாம் இதற்குள் இருக்கும், இதை நமக்காக இணைத்துக் கொடுக்கிற பையன் யார் தெரியுமா, நம்ம ஆல்பர்ட் அண்ணன் மகன் ஜோ என்றார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, என் மருமகன் என்று பக்கத்தில் நின்றவனிடம் சொன்னேன். அவன் வாட்ச்மேன், அவனுக்கு முன்னமே தெரியும். ஆனாலும் சொன்னேன். நீ இணைக்கிற வழிக்கு ஏபிஐ என்று பெயராம், அது என்ன என்று அன்றைக்கு எல்லாரும் என்னைத்தான் கேட்டார்கள், நானும் விளக்கினேன். ரேஷன் கடை ஜன்னல் மாதிரி ஒன்று. நாம் உள்ளே போகக்கூடாது, ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டவேண்டும். சீட்டு சரியாக இருந்தால் உள்ளே இருக்கிறவன் பெரிய நோட்டில் எழுதிக்கொள்வான். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் முகத்தில் எறிவான். நாங்கள் எக்செல் ஷீட்டில் மிஷின் வகைகளை நிரப்பி வைத்தால், தினம் பதினொரு மணிக்கு உன் புரோகிராம் வந்து எடுத்துக்கொண்டுபோய் அந்த ஜன்னலில் நீட்டும், பதிலை ஒரு நம்பராகக் கடைசிக் கட்டத்தில் போட்டுவிட்டுப் போகும். நான் சொன்னது சரிதானே?

வகை, தயாரிப்பாளர், மாடல், பொறுப்பாளர், குறிப்பு என்று ஐந்து கட்டம். இங்கேதான் ஒரு தப்பு நடந்துபோனது. அதை நான் தப்பு என்று ஒத்துக்கொள்வது உனக்கு மட்டும்தான், அனுஷ்காவிடம் சொல்லிவிடாதே. அனுஷ்கா இந்த யார்டு ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிற பிள்ளை. கெட்டிக்காரி, ஆனால் சிரிப்பை அடக்கத் தெரியாது.

நம்ம யார்டு வழக்கம் உனக்குத் தெரியும், தெரிந்ததைத்தான் சொல்கிறேன். புது மிஷின் வந்தால் நம்ம ஆபரேட்டர் சின்னக்கருப்பு சந்தனப் பொட்டு வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பான். அது நசுங்கினதும் நம்ம பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பார். பிறகு ஒரு பெயர். பிறகு அந்த மிஷினுக்கு ஞானத்தகப்பனோ ஞானத்தாயோ ஒருத்தர் முன்னால் வந்து நிற்கவேண்டும். மிஷினுக்கு ஞானஸ்நானம் கிடையாது சின்னப்பராஜ், இது வெறும் மந்திரிப்பு என்று சாமியார் ஒவ்வொரு தடவையும் சொல்லுவார், நானும் ஒவ்வொரு தடவையும் தலையாட்டுவேன். ஆனால் வேலை நடந்தது அதனால்தான். மிஷின் படுத்துக்கொண்டால் பெரிய முதலாளி ராஜமணி, யார் உடைத்தது என்று கேட்கமாட்டார், யாரு பிள்ளை இது என்று கேட்பார். ஞானத்தகப்பன் வெட்கப்பட்டுக்கொண்டு ஸ்பேனரோடு ஓடிவருவான். மே ஒண்ணாம் தேதி, தொழிலாளர் சூசையப்பர் திருநாள் அன்று, அவரவர் பிள்ளைக்கு அவரவர் கையால் கிரீஸ் வைத்துவிட்டுத்தான் பிரியாணிக்கு உட்காரவேண்டும். பொறுப்பாளர் என்று நீ ஒரு கட்டம் வைத்திருக்கிறாயே, அது எங்களிடம் முப்பது வருஷமாக இருக்கிறது.

ஆகவே வகை என்ற கட்டத்தில் நான் என்ன எழுதுவேன்? கௌமாரி, சவேரி, சந்தனம்மாள், லூர்து என்று பெயர்களை எழுதினேன். இரண்டு ரோலர் இருந்தால் இரண்டும் ஒரே வகை என்று நீ சொல்லுவாய், உனக்கு மிஷின் தெரியாது. சவேரி மேட்டில் ஏறும், சந்தனம்மாள் ஏறாது. அது எப்படி ஒரே வகை ஆகும்? முப்பத்தெட்டு மிஷினுக்கு முப்பத்தெட்டு வகை போட்டேன். முப்பத்தேழுக்கு 201, அதாவது பதிந்தாயிற்று என்று பச்சையில் பதில் வந்தது. ஜன்னல்காரனும் நம்மைப் போல ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் வம்பு ஆரம்பித்தது. மார்க்கையன்கோட்டை சைட்டுக்கு மகிழன் என்று சென்னையிலிருந்து புது இன்ஜினியர் வந்திருக்கிறார். நல்ல பையன், வெயிலுக்குக் குடை பிடிப்பார். அவர் ரோலர் கேட்பதற்காக லிஸ்ட்டைத் திறந்து பார்த்துவிட்டு, ஆட்கள் லிஸ்ட்டைத் திறந்துவிட்டோம் என்று மூடியிருக்கிறார். திறந்திருக்கிறார், மூடியிருக்கிறார். அரைநாள் இதுதான் வேலை. கடைசியில் சூசையை ஓட்டுகிற சின்னக்கருப்பிடம் கேட்க, அவன் சந்தனம்மாளைப் போடுங்கள் என்று சொல்ல, அவர் போட்டார். போட்டதோடு விட்டாரா, வந்த ரோலரைச் சோதித்து, பார்த்ததையெல்லாம் உள்ளபடி எழுதினார். உன் சாஃப்ட்வேர் அதைப் பொறுப்பாளர் போனுக்கு அனுப்பியது. அந்த ரோலருக்கு ஞானத்தாய் யார்? சைட்டுச் சமையல் பார்க்கிற சந்தனம்மாள் அக்காதான், அவர் பெயரைத்தானே அதற்கு வைத்தோம். அவருக்குப் படிக்கத் தெரியாது, டீக்கடைக்காரரிடம் போனைக் கொடுத்திருக்கிறார். அவர் கடை நிறைந்திருக்கிற நேரத்தில் சத்தமாகப் படித்தார். ‘சந்தனம்மாள். எடை எட்டு டன். பின்புறம் எண்ணெய்க் கசிவு. மறு உத்தரவு வரை பயன்படுத்தக் கூடாது.’

அக்கா கையில் கரண்டியோடு ஷேர் ஆட்டோவில் யார்டுக்கு வந்து இறங்கியதை நீ பார்த்திருக்கவேண்டும். அனுஷ்கா மேசைக்கு அடியில் பென்சில் தேடப் போய்விட்டாள். நான் நாற்காலியைப் போட்டுத் தண்ணீர் கொடுத்து, இது ரோலரைச் சொன்னது அக்கா என்று மன்றாடினேன். அக்கா தண்ணீரைக் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

“எட்டு டன்னுன்னு சொன்னாக, சரி, சொல்லிட்டுப் போறாக. பயன்படுத்தக் கூடாதுன்னு எவுக சொன்னாக? இருவத்தாறு வருசமா இந்தக் கம்பெனிக்கு நாந்தேன் உலை வைக்கேன். அத எழுதச் சொல்லு அதுல.”

அதைக் கேட்டபோது எனக்கு என் தேதிதான் ஞாபகம் வந்தது ஜோ. வருகிற மே முப்பத்தொன்றோடு எனக்கும் ரிட்டயர்மென்ட்.

விஷயம் சின்ன முதலாளி காதுக்குப் போனது. அவர் கோபப்படவில்லை, அவர் அப்பா குணம் பாதி இருக்கிறது. பெயரை மாற்றச் சொல்லவில்லை அண்ணே, பெயரைக் குறிப்பில் போடுங்கள், வகை ஏழுதான், கலவை மிஷின், ரோலர், அப்படி என்றார். நீயும் உட்கார்ந்து முப்பத்தேழையும் ஒரே நாளில் ஏழு வகைக்குள் அடைத்துக் கொடுத்தாய். சந்தோஷம். ஆனால் அவர் கடைசியாக ஒன்று சொன்னார். ஏப்ரல் முப்பதுக்குமேல் லிஸ்ட்டில் இல்லாத மிஷின் நம்மிடம் இல்லாத மிஷின் என்றார். அங்கே நின்ற எல்லாருக்கும் அது எந்த மிஷின் என்று தெரியும்.

சூசையிடம் என்ன குறை என்றால், மற்ற மிஷின்களுக்கு நெற்றியில் தகடு உண்டு, கம்பெனி பெயர், மாடல் எல்லாம் அடித்திருக்கும். சூசைக்குத் தகடு கிடையாது. தயாரிப்பாளர் கட்டத்தைக் காலியாக விட்டேன், 422 என்று சிவப்பில் வந்தது. ‘நாங்களே’ என்று போட்டேன், 422. ‘பழனிசெட்டிபட்டி யார்டு’ என்று போட்டேன், 422. அங்கீகரித்த தயாரிப்பாளர் பட்டியலில் இல்லை என்று கீழே ஒரு குறிப்பு. ஏதாவது ஒரு பெரிய கம்பெனி பெயரைப் போட்டுவிடுங்கள் ஐயா, யாருக்குத் தெரியும் என்றாள் அனுஷ்கா. சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பிள்ளை நல்லதுக்குத்தான் சொன்னது. நான்தான் கத்திவிட்டேன். வேறொருவன் பெயரைத் தகப்பன் இடத்தில் எழுதி ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானச் சீட்டு வாங்குவோமா? சூசை இரும்புக்குப் போனாலும் போகட்டும், பொய்த் தகப்பன் பெயரோடு அது லிஸ்ட்டில் இருக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு, உடனே மறுபடி உட்கார்ந்து, குறிப்பில் ‘சூசை’ என்று பெயரை அடித்தேன். இரும்புக்குப் போக மனசு வருமா? மூன்று வாரமாக 422 வருவதில்லை, 409 என்று வருகிறது. நம்பர் இறங்கியிருக்கிறது, கோபம் கொஞ்சம் தணிந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தினமும் ஒரு தடவை அனுப்புகிறேன். 201 வரைக்கும் இறங்க எத்தனை நாள் ஆகும் என்று தெரியவில்லை.

பொறுப்பாளர் கட்டமும் காலிதான். சின்னக்கருப்பு பெயரைப் போடலாம் என்று மார்க்கையன்கோட்டைக்கே போய்க் கேட்டேன். அவன் மிஷினை நிறுத்திவிட்டுத்தான் பேசினான்.

“நான் ஓட்டுறேன், சாகுற மட்டும் ஓட்டுறேன். ஆல்பர்ட்டண்ணன் இருந்த எடத்துல எம்பேரப் போடாதீக.”

அந்த மிஷின் எப்படி உண்டானது என்று உனக்கு யாராவது முழுசாகச் சொல்லியிருக்கிறார்களா? உன் அப்பன் சொல்லியிருக்கமாட்டான், அவன் பேசுகிற ஆள் இல்லை. தொண்ணூற்று நாலு. பெரிய முதலாளிக்கு முதல் பெரிய வேலை, கம்பம் பக்கம் ஒரு பாலம். மதுரையிலிருந்து வாடகைக்கு வரவேண்டிய கலவை மிஷின் வரவில்லை. ஐப்பசி மழை மேற்கே கட்டிக்கொண்டு நிற்கிறது. முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அப்போது உன் அப்பன் இங்கே வெல்டர், இருபத்தைந்து வயது, கல்யாணமாகவில்லை. பதினைந்து நாள் கொடுங்கள், நான் பண்ணித் தருகிறேன் என்றான். வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். வடுகபட்டியில் ஒரு பூண்டுக்காரர் கிணற்றில் சும்மா கிடந்த டீசல் இன்ஜின். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போய் ஏற்றிப்போய் அலுத்த ஒரு ஜீப்பின் அச்சு. கவிழ்க்கிற சக்கரத்துக்கு ஒரு பழைய பஸ்ஸின் ஸ்டீயரிங். டிரம் மட்டும் புதுத் தகடு, அதை வளைக்க நாங்கள் நாலு பேர் உருண்டோம். நான் ஸ்டோரில் கணக்கப்பிள்ளை, எனக்கு அங்கே என்ன வேலை? ஆனாலும் போய்ப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த ஆள் என் தங்கைக்குச் சரியாக வருவான் என்று எனக்குத் தோன்றியது அந்தத் தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான். இதை நான் ரீட்டாவிடம்கூடச் சொன்னதில்லை.

பதினான்காம் நாள் ஓடியது. ஓடுவதற்குமுன் உன் அப்பன் ஸ்பேனரால் டிரம்மை இரண்டு தட்டுத் தட்டினான். ஏன் என்று கேட்டேன், தெரியலை மச்சான் என்றான். இன்றைக்கும் சின்னக்கருப்பு அந்த இரண்டு தட்டைத் தட்டாமல் ஸ்டார்ட் பண்ணுவதில்லை. அது கிளம்பி நிதானத்துக்கு வருகிற சத்தத்தைக் கேட்டால், எனக்கு அந்த மழை, அந்த ஈரச் சிமெண்டு வாடை, உன் அப்பனின் எரிந்த சட்டைக்கை எல்லாம் வந்துவிடும். நல்ல காலம் ஜோ அது. நாங்கள் எல்லாரும் ஒல்லியாக இருந்தோம்.

உனக்கு ஐந்து வயதில் உங்கள் வீட்டுக்கு மாடி போட்டார்களே, நினைவிருக்கிறதா? அன்றைக்கு முதலாளி சூசையைச் சும்மா அனுப்பிவைத்தார். ஊரே வந்து சட்டி தூக்கியது. மத்தியானம் பாயசத்தோடு சாப்பாடு. எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது நீ உன் இலைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய், சூசைக்கு யாருமே போடவில்லை என்று பாயசத்தை டிரம்முக்குள் ஊற்றிவிட்டாய். மேஸ்திரி கத்தினார். உன் அப்பன் உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையால் டிரம்மைக் கழுவினான். ஒரு வார்த்தை திட்டவில்லை. முழுக்கக் கழுவினானா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. உங்கள் மாடியில் கொஞ்சம் முந்திரி இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

உன் அப்பன் போய் நாலு வருஷமாகிறது. அந்த நாலு வருஷமும் மே ஒண்ணாம் தேதி சூசைக்கு நான்தான் கிரீஸ் வைக்கிறேன், ஆனால் ஞானத்தகப்பன் என்று நிற்பதில்லை. ஆகவே உன்னிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த ஜன்னலுக்கு உள்ளே உனக்கு ஆள் இருக்கிறது, நீயே உள்ளே இருக்கிறாய். அங்கீகரித்த தயாரிப்பாளர் பட்டியல் என்று எதையோ வைத்திருக்கிறீர்களே, அதில் உன் அப்பன் பெயரைச் சேர். ஒரு வரிதான். ஜப்பான்காரன் பெயர் இருக்கலாம், ஜெர்மனிக்காரன் பெயர் இருக்கலாம், ராயப்பன்பட்டி ஆல்பர்ட் பெயர் இருக்கக்கூடாதா? மற்றவர்கள் மிஷினெல்லாம் பத்து வருஷத்தில் படுத்துவிட்டது, இவன் மிஷின் முப்பத்தொரு வருஷமாக ஓடுகிறது. நீ படித்தவன், பெரிய வேலையில் இருக்கிறாய், அப்பன் பண்ணின மிஷினுக்கு ஒரு சீட்டு வாங்கித் தர உனக்கு நேரமில்லை என்று நினைக்கும்போது மாமனுக்கு வருத்தமாக இருக்கிறது. சொல்லிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. உன் அத்தை அனுப்பிய பன்னீர் திராட்சை நசுங்காமல் வந்ததா என்று எழுது. ஜெஸ்லின் என்கிற அந்தப் பிள்ளைக்கும் என் ஆசீர்வாதத்தைச் சொல், ஆனால் டிக்கெட்டை அவ்வளவு அவசரமாக மூடவேண்டாம் என்றும் சொல். திருக்குடும்பத்துக்குக் கூழுக்கும் கூரைக்கும் உழைத்த சூசையப்பர் உன் கையையும் கண்ணையும் கம்ப்யூட்டரையும் காத்தருள்வாராக.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்,
சின்னப்பராஜ்,
யார்டு பொறுப்பாளர் (மே 31 வரை).

பி.கு.: கவரை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்து எழுதுகிறேன். மேலே உன்னைப் பற்றி எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். கடைசியாக ஒரு தடவை பார்ப்போம் என்று அனுஷ்காவைக் கூப்பிட்டு லிஸ்ட்டைக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, “ஐயா, நீங்க தெனமும் பாக்குறது யார்டுல நிக்கிற மிஷின் மட்டும். சூசை மார்க்கையன்கோட்டையிலல்ல நிக்குது” என்று சொல்லி எதையோ அமுக்கினாள். 409 என்றால் கோபம் தணிந்தது என்று அர்த்தம் இல்லையாம். ஏற்கெனவே இருக்கிறது, திரும்பத் திரும்பக் கொடுக்காதே என்று அர்த்தமாம். மூன்று வாரமாக இருக்கிறதாம். ஏப்ரல் மூன்றாம் தேதி பதிந்தது நீ.

வகை: கலவை மிஷின். தயாரிப்பாளர்: ஆல்பர்ட், ராயப்பன்பட்டி. மாடல்: 1994. பொறுப்பாளர்: ஜோ. குறிப்பு: பெயர் சூசை. பாயசம் ஊற்றக்கூடாது.

அனுஷ்கா அதைச் சத்தமாகப் படித்தாள். நான் அழுதேன், அவள் முன்னாலேயே அழுதேன், எனக்கென்ன வெட்கம். அந்தப் பிள்ளையும் இந்தத் தடவை சிரிக்கவில்லை. சின்னக்கருப்புக்குப் போன் போட்டுச் சொன்னேன். பதிலுக்கு டிரம்மில் இரண்டு தட்டுத் தட்டுகிற சத்தம் கேட்டது.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஏழு பக்கம் எழுதியாயிற்று, ஸ்டாம்பும் ஒட்டியாயிற்று, அதனால் அனுப்புகிறேன். ஆனால் ஒன்று, மருமகனே. பொறுப்பாளர் என்று உன் பெயரை நீயே போட்டுக்கொண்டாய், நாங்கள் யாரும் போடவில்லை. வருகிற வியாழக்கிழமை மே ஒண்ணாம் தேதி. காலை எட்டு மணிக்கு மார்க்கையன்கோட்டையில் இரு. பழைய சட்டை போட்டுக்கொண்டு வா, கிரீஸ் நான் வாங்கி வைக்கிறேன். மீட்டிங் இருக்கிறது என்று சொல்லாதே.